ஒரு நாள் நடந்ததற்குப் பிறகு வரும் நோய்ப்பயம்: வன்னியிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

யாரோடோ ஒரு தரம் உடலுறவு வைத்துவிட்டு, பிறகு "எனக்கு ஏதும் தொற்றியிருக்குமோ" என்று நித்திரை இல்லாமல் கிடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தாதியாக வேலை செய்கிறவள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் இதே கேள்விகள் வருகின்றன. கொழும்பில் வேலை செய்து லீவில் வந்த பெடியன்கள், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள், கலியாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்கள், புருஷன் திரும்பி வந்த பிறகு உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிற பெண்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டு, கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

நேற்றிரவுதான் நடந்தது அக்கா. இப்ப உடனே செய்யக்கூடியது ஏதும் இருக்கா?

இருக்கிறது, அதற்கு நேரம்தான் முக்கியம். ஆணுறை போடாமலோ அது கிழிந்தோ, எச்.ஐ.வி இருக்கக்கூடிய ஒருவரோடு உறவு நடந்திருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். எவ்வளவு முந்தித் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. எல்லாருக்கும் அது தேவைப்படாது. நடந்ததைக் கேட்டு மருத்துவர் தீர்மானிப்பார். சனி ஞாயிறில் கிளினிக் பூட்டியிருந்தால் மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "டொக்டரோடு தனியாகக் கதைக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். திங்கட்கிழமை வரட்டும் என்று இருந்தால் அந்த 72 மணித்தியாலம் போய்விடும்.

கர்ப்பம் தங்கிவிடுமோ என்ற பயமும் இருந்தால், அவசர கருத்தடைக் குளிசையை அதே 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் துண்டு இல்லாமலே கிடைக்கும். அந்தக் குளிசை நோய் எதையும் தடுக்காது.

டெட்டோல் ஊற்றிக் கழுவுவது, தேசிக்காய்ப்புளி பூசுவது, பெண்கள் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது எதுவும் வேண்டாம். தோல் வெந்துபோய், அந்த எரிவையே நோய் என்று நினைத்து இன்னும் பயப்படுவீர்கள்.

முத்தம் மட்டும்தான் கொடுத்தேன். / வாயால் மட்டும்தான். / ஆணுறை போட்டுத்தான் செய்தேன். எனக்கும் பயம் இருக்கு.

கட்டிப்பிடித்தது, உடுப்போடு உரசியது, ஒரே மலசலகூடத்துக்குப் போனது, ஒரே கிணற்றில் குளித்தது, நுளம்பு கடித்தது, இவை எதனாலும் எச்.ஐ.வி வராது. முத்தத்தாலும் வராது, ஆனால் உதட்டில் கொப்புளம் போடுகிற ஹேர்பீஸ் முத்தத்தால் வரலாம். வாய்வழி உறவில் எச்.ஐ.வி தொற்றுவது மிக மிக அரிது. ஆனால் கொனோரியா, சிபிலிஸ், ஹேர்பீஸ் போன்ற பாலியல் நோய்கள் அந்த வழியிலும் தொற்றும். ஆணுறை கடைசி வரை கிழியாமல் இருந்திருந்தால் எச்.ஐ.விக்கும் கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் அது நல்ல பாதுகாப்பு. அது மூடாத இடத்துத் தோலிலிருந்து ஹேர்பீஸ், சிபிலிஸ், மரு போன்றவை தொற்ற ஓரளவு இடமிருக்கிறது.

பயத்தின் அளவு எப்போதும் எச்.ஐ.வி பக்கம்தான் சாய்கிறது, அதனால் அதைக் கணக்காகவே சொல்கிறேன். மற்றவருக்கு எச்.ஐ.வி இருந்து, அவர் மருந்தும் எடுக்காமல், ஆணுறையும் இல்லாமல் ஒரு தடவை யோனிவழி உறவு நடந்தால், ஆணுக்குத் தொற்றும் சாத்தியம் 10,000-இல் 4 அளவு, பெண்ணுக்கு 8 அளவு. குதவழி உறவில் உள்வாங்குகிறவருக்கு அது 138 வரை ஏறும். இலங்கையில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, நீங்கள் இரவிரவாக நினைத்துக்கொண்டிருக்கிற நோய் உங்களுக்கு வந்திருக்கச் சாத்தியம் குறைந்தது. நீங்கள் நினைத்தே பார்க்காத கிளமிடியாவும் கொனோரியாவும் அதைவிட மிகச் சுலபமாகத் தொற்றும். அவை மருந்தால் மாறும். கவனிக்காமல் விட்டால், முக்கியமாகப் பெண்களுக்கு, சத்தமில்லாமல் கருக்குழாயைக் கெடுத்துப் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கும். எனக்கு உண்மையான கவலை அதில்தான்.

எத்தனையாம் நாள் பரிசோதனை செய்தால் நம்பலாம்?

உறவு நடந்த நாளை முதலில் ஒரு கலண்டரில் குறியுங்கள். கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் இரண்டு கிழமை கழிந்தால் போதும். சீழ் வந்தாலோ சலம் போகும்போது கடுத்தாலோ அதுவரை பொறுக்காமல் உடனே போக வேண்டும். எச்.ஐ.விக்கு ஆய்வுகூடத்தில் நரம்பில் இரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாளில் முடிவான பதில் தரும். விரல்நுனியில் குத்திப் பார்க்கும் உடனடிப் பரிசோதனையும் வீட்டில் செய்யும் பெட்டிகளும் என்றால் 90 நாள். சிபிலிஸ் புண் சாதாரணமாக மூன்று கிழமையளவில் வரும், ஆனால் 90 நாள் வரை பிந்தவும் கூடும். அதனால் அதற்குக் கடைசி இரத்தம் மூன்று மாதத்தில். தடுப்பு மருந்து குடித்தவர்களுக்கு இந்தத் தேதிகள் தள்ளிப்போகும், கிளினிக்கில் சொல்லுவார்கள்.

மூன்றாம் நாளே தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கட்டிவிட்டு, "நெகட்டிவ்" என்ற தாளை வைத்துக்கொண்டு, "இது காணாதாமே" என்று திரும்பவும் அழுகிறவர்கள் பலர். அந்தத் தாள் அந்த உறவுக்கு முந்திய நிலைமையைத்தான் சொல்கிறது.

மஞ்சள் காமாலை பி வைரசும் உறவால் வரும். இலங்கையில் 2003-இலிருந்து குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது, ஆகவே அதற்குப் பிறகு பிறந்து ஊசிகளை ஒழுங்காகப் போட்டவர்கள் அதை நினைத்துக் குழம்பத் தேவையில்லை. மூத்தவர்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

போன கிழமை காய்ச்சல், தொண்டை நோ, உடம்பில் சிவப்புப் பொட்டு. போனில் தேடினால் எல்லாம் எச்.ஐ.வி என்று வருகுது.

எச்.ஐ.வி தொற்றி 2 முதல் 4 கிழமையில் சிலருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் தோல் பொட்டும் வருவது உண்மை. சிலருக்கு ஒன்றுமே வராது. அதே காய்ச்சலும் பொட்டும் இன்னும் எத்தனையோ நோய்க்கு வரும். அறிகுறியைப் பார்த்து எச்.ஐ.வி உண்டு என்றோ இல்லை என்றோ உலகத்தில் எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. இரத்தம்தான் சொல்லும்.

இதில் நான் கெஞ்சிக் கேட்கிற ஒரு விஷயம் இருக்கிறது. வன்னியில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். வயலுக்குள் இறங்கியவர், வாய்க்காலில் குளித்தவர், மாரி வெள்ளத்துக்குள் நடந்தவர், இவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வியாக இருக்குமோ, அங்கே போனால் தெரிந்துவிடுமோ என்ற வெட்கத்தில் வீட்டில் பனடோலோடு கிடந்தால், எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். இல்லாத நோய்க்குப் பயந்து இருக்கிற நோய்க்கு மருந்து எடுக்காமல் விடாதீர்கள். வெளிநோயாளர் பிரிவில் உறவு பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்று சொன்னால் போதும்.

அங்கே சின்னச் சின்னப் பரு இருக்கு. கவட்டுக்குள் நெறி கட்டியிருக்கு. சலம் போகும்போது எரியுது.

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, போன் வெளிச்சத்தை அடித்து, தோலை இழுத்து இழுத்துப் பார்க்கிறீர்கள், இல்லையா? பார்த்ததைப் படமெடுத்து, நேற்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். நாளுக்குப் பத்துத் தரம் கவட்டை அமத்தி அமத்திப் பார்த்தால் நெறி நோகத்தான் செய்யும். சொறியச் சொறிய ஆறாத புண் மாதிரித்தான் இதுவும்.

ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும், ஒரே அளவான சின்ன மணிகள் பிறவியிலேயே பலருக்கு உள்ளவை. தோலுக்குக் கீழே தெரியும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். மயிர் மழித்த இடத்தில் வரும் சிவப்புப் பரு மயிர்க்கால் அழற்சி. இவை முன்பும் இருந்தவை. பார்க்கத் தொடங்கியது இப்போதுதான். எரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. சித்திரை வெயிலில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சலம் மஞ்சளாகி எரியும்.

ஆனால் நோவில்லாத ஒற்றைப் புண், கொத்தாக வரும் நீர்க்கொப்புளம், சீழ், விதையில் நோவு, பெண்களுக்கு வழமையில்லாத நிறத்திலோ மணத்திலோ வெள்ளைபடுதல், அடிவயிற்று நோ, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். நோவில்லாத புண்ணை விடவே வேண்டாம். சிபிலிஸ் புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே நிற்கும்.

எங்கே போவது? போனால் என்ன செய்வார்கள்?

தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அரச பாலியல் நோய்க் கிளினிக்குகள் இருக்கின்றன. இலவசம். வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை. டொக்டர் எல்லா நாளும் நிற்பார் என்றில்லை, அதனால் முதல் நாள் போன் எடுத்து எந்த நாள், எத்தனை மணி, ஆஸ்பத்திரிக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். வாசலில் நின்று வழி கேட்கிற கூச்சமும் இராது.

உள்ளே போனால் உங்களுக்கு ஒரு இலக்கம் தருவார்கள். பிறகு கூப்பிடுவது அந்த இலக்கத்தைச் சொல்லித்தான். டொக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்: கடைசியாக உறவு எப்போது, ஆணோடா பெண்ணோடா, எந்த வழியில், ஆணுறை இருந்ததா, இடையில் என்ன மருந்து குடித்தீர்கள், பெனிசிலின் ஒவ்வாதா, பெண் என்றால் கடைசி மாதவிடாய் எப்போது. இந்தக் கேள்விகள் நியாயம் பிளக்க அல்ல. எங்கே இருந்து மாதிரி எடுப்பது, எந்த நாளில் திரும்ப வரச்சொல்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பொய் சொன்னால் பரிசோதனை பிழைக்கும். பிறகு திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, கையுறையோடு கவட்டையும் குறியையும் பார்ப்பார். மெல்லிய பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுப்பதைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். சில நொடிக்குச் சுணை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கையில் இரத்தம் எடுப்பார்கள், அதில் எச்.ஐ.வியும் சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்லும் பார்ப்பார்கள். பெண்கள், பெண் உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

எங்கட ஊரில் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆள் இல்லை. யாரும் கண்டால்?

இந்தப் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க நிற்கிற வரிசையில் மாமி நிற்பா, ஊழியர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவராக இருப்பார். அப்படி என்றால் ஏ9 பஸ்ஸில் ஏறி வேறு மாவட்டத்துக்குப் போங்கள். முல்லைத்தீவுக்காரர் வவுனியாவுக்குப் போகலாம், கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத்துக்குப் போகலாம். ஏன் இங்கே வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கிளினிக்கின் பதிவுகள் மற்ற ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு கலக்கப்படுவதில்லை. பெரும்பாலும் உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடியது உங்கள் போன்தான். ரிப்போட்டின் படத்தை நண்பனுக்கு அனுப்பாதீர்கள்.

நான் ஒரு பெடியனோடு இருந்தேன். பொலிஸுக்குச் சொல்லுவார்களா?

இல்லை. ஒருபால் உறவுக்கு எதிரான, தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை நினைத்து வருகிற பயம் விளங்குகிறது. கிளினிக்கின் வேலை வைத்தியம். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தொண்டையிலும் குதத்திலும் பார்க்கவேண்டிய பரிசோதனை தவறிப்போகும்.

மருந்துக்கடையில் அண்டிபயோட்டிக் வாங்கிப் போட்டால் என்ன? பரியாரியிடம் வெட்டைக்கு மருந்து இருக்காமே?

கடையில் தரும் நாலு குளிசை சீழை நிற்பாட்டி, நோயை அரைகுறையாக விட்டுவிடும். பிறகு பரிசோதனையிலும் பிடிபடாது. கொனோரியாக் கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்கு இப்போது அடங்குவதில்லை. ஆரம்பச் சிபிலிஸுக்குச் சரியான பெனிசிலின் ஊசி ஒரு தடவை போட்டால் போதும், அதைக் கிளினிக்கில் காசில்லாமல் போடுகிறார்கள். பரியாரியின் குளிர்மைக் குடிநீரை வேறு எதற்காவது குடியுங்கள்.

இரத்ததான முகாமில் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்லுவார்களாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். விளையாட்டுக் கழகமும் பழைய மாணவர் சங்கமும் முகாம் வைக்கும்போது, இலவசப் பரிசோதனை என்று நினைத்து வந்து படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொற்றிய முதல் நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் தெரியாத ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் நீங்கள் கொடுக்கும் இரத்தம் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற ஒரு தாய்க்கு ஏறலாம். படிவத்தில் கேட்கிற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள், அல்லது அன்று கொடுக்காமல் விடுங்கள்.

மூன்று தரம் செய்துவிட்டேன். எல்லாம் நெகட்டிவ். நம்ப முடியவில்லை.

இந்தக் கேள்விதான் எனக்கு ஆகக் கூடுதலாக வருகிறது.

சரியான நாளில், சரியான இடத்தில் செய்த பரிசோதனை நெகட்டிவ் என்றால் அந்த உறவால் உங்களுக்கு எச்.ஐ.வி வரவில்லை. நாலாவது தரம் செய்தாலும் இதே பதில்தான் வரும், ஒரு நாள் நிம்மதியாக இருக்கும். மூன்றாம் நாள் "இரத்தம் மாறியிருக்குமோ", "எனக்கு மட்டும் பிந்தித் தெரியுமோ" என்று தொடங்கும். தேடுவது, தொட்டுப் பார்ப்பது, ஆளை மாற்றி ஆளைக் கேட்பது, இவை பயத்துக்குத்தான் சாப்பாடு போடுகின்றன.

நான் கண்ட அளவில், இப்படித் தவிக்கிறவர்களுக்கு உண்மையில் நோவது வேறு இடத்தில். காத்திருக்கிற ஒரு பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டேன், அம்மா அறிந்தால் உயிரை விடுவா, குடித்துவிட்டு விசரன் மாதிரி நடந்தேன் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கிறது. தண்டனை ஒன்று வரத்தான் வேண்டும் என்று அது எதிர்பார்த்து நிற்கிறது, அந்தத் தண்டனைக்கு எச்.ஐ.வி என்று பெயர் வைத்திருக்கிறது. குற்ற உணர்ச்சியை இரத்தத்தில் பார்க்க முடியாது. அதைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். வற்றாப்பளை அம்மனுக்கோ மடுமாதாவுக்கோ நேர்த்தி வைத்தால் மனம் ஆறும் என்றால் வையுங்கள். பாதரிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க இருந்தால், அதை எப்படிக் கேட்பது என்று ஆறுதலாக யோசியுங்கள்.

போரைக் கடந்து வந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் உடம்பு ஒரு சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடப் பழகியிருக்கிறது. அது உங்கள் பலவீனம் அல்ல. இந்தப் பயம் ஒரு மாதத்துக்கு மேல் வேலையையும் சாப்பாட்டையும் நித்திரையையும் கெடுத்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் உண்டு, பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பேச்சு வழிச் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் குளிசையாலும் நன்றாகக் குறையும். அதுவரை இன்றிலிருந்து போனில் நோயைப் பற்றித் தேடுவதை நிற்பாட்டுங்கள். தொட்டுப் பார்ப்பதை நாளுக்கு ஒரு தரம் என்று குறைத்து, பிறகு விடுங்கள். முதல் கிழமை கை துடிக்கும்.

செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வந்தால் அந்த இரவே 1926-க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம். பக்கத்தில் படுத்திருக்கிற ஆளையும் எழுப்புங்கள்.

கலியாணம் பேசியாச்சு. சொல்ல வேண்டுமா?

முடிவு வரும் வரை மனைவியோடோ கட்டப்போகிறவரோடோ ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏதும் பிடிபட்டு, அதற்கிடையில் உறவும் நடந்திருந்தால், அவருக்கும் சேர்த்து மருந்து எடுக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று கிளினிக்கிலேயே உதவுவார்கள். எல்லாம் நெகட்டிவ் என்றால், நடந்ததைச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் இருவரின் வாழ்க்கை. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நாள் குறிக்க இரண்டு மாதம் தள்ளவேண்டி வந்தால், ஏதாவது காரணம் சொல்லித் தள்ளுங்கள்.

எனக்கு விருப்பமில்லாமல் நடந்தது.

அப்படியென்றால் நீங்கள் வருந்தவேண்டிய ஒன்றும் இதில் இல்லை. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முடிந்தால் குளிக்காமல், அன்று போட்ட உடுப்பைக் கழுவாமல் ஒரு கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மேலே சொன்ன 72 மணித்தியால மருந்துகளும், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் உள்ள ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஒருவரும் கிடைப்பார். நாட்கள் கடந்திருந்தாலும் வாருங்கள்.

பொசிட்டிவ் என்று வந்தால் வாழ்க்கை முடிந்ததா?

இல்லை. முதலில் வந்த முடிவை இன்னொரு பரிசோதனையால் உறுதிப்படுத்துவார்கள், அதுவரை அது முடிவல்ல. உறுதியானால் நாளாந்தக் குளிசை, அரசு இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகக் குடித்து இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருந்தால், உறவால் மற்றவருக்குத் தொற்றாது. கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இலங்கையை உறுதிப்படுத்தியது. கர்ப்பிணிக் கிளினிக்குகளில் எடுக்கிற அந்த இரத்தப் பரிசோதனைகளும் அதற்கு ஒரு காரணம்.

என்ட நண்பன் ஒருத்தன் இப்படிக் கிடந்து தவிக்கிறான். நான் என்ன செய்ய?

புத்தி சொல்லாதீர்கள், பகிடியும் பண்ணாதீர்கள். நடந்த நாள் எது என்று கேட்டு, பரிசோதனைக்கான தேதியை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்கள். அன்றைக்கு அவனோடு பஸ்ஸில் போங்கள். அவன் உள்ளே போய் வரும் வரை வெளியே நில்லுங்கள், வந்ததும் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டான்.